இறந்ததைத் தின்னும் நத்தை உயிருள்ளதைத் தொடுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல்நீர்த் தொட்டியின் துப்புரவு நத்தைகளைப் பற்றியவை. அவற்றுள் பொதுவாகப் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 200 லிட்டர் கொள்ளளவுள்ள பவளத் தொட்டி ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன் மணலைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொன்னதால் எட்டு நசாரியஸ் நத்தைகளை வாங்கி விட்டேன். சென்ற வாரம் ஒரு மீன் நோயுற்றுக் கிடந்தது. காலையில் பார்த்தபோது நத்தைகள் அதை மொய்த்துத் தின்றுகொண்டிருந்தன. அதே வாரத்தில் இரண்டு டர்போ நத்தைகளின் வெற்று ஓடுகளும் கிடைத்தன. இந்த நத்தைகளே கொன்றனவா? என் பவளங்களுக்கும் ராட்சதச் சிப்பிக்கும் இவற்றால் ஆபத்து உண்டா?

பதில்: உங்களிடம் இருப்பவை உண்மையான நசாரியஸ் நத்தைகளாக இருந்தால், மீனை அவை கொல்லவில்லை. நோயால் சாகும் நிலையில் இருந்த மீனிலிருந்து நீரில் கரைந்து வந்த மணமே அவற்றை அழைத்திருக்கிறது. அந்த 'இருந்தால்' என்னும் சொல்லில்தான் உங்கள் கேள்வியின் கனம் முழுவதும் இருக்கிறது என்பதால், முதலில் உண்மையான நசாரியஸ் எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நத்தை பகல் முழுவதும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மேலே தெரிவதெல்லாம் மணலிலிருந்து நீட்டிக்கொண்டு மெதுவாக இப்படியும் அப்படியும் அசையும் ஒரு சிறு குழல் மட்டுமே. அந்தக் குழல் வழியாக உள்ளே இழுக்கும் நீர் செவுளுக்குப் போகும் வழியில் மணமறியும் உறுப்பு ஒன்றைக் கடந்து செல்வதால், நத்தைக்கு அது மூச்சுக்கும் மோப்பத்திற்கும் ஒருசேரப் பயன்படுகிறது. தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியருகே உட்கார்ந்து பாருங்கள். சில நொடிகளில் குழல்கள் விறைத்து ஒரே பக்கம் திரும்பும். பிறகு மணல் ஆங்காங்கே வெடித்தாற்போல எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக நத்தைகள் வெளியே வந்து, நத்தை என்றால் மெதுவாக நகரும் என்று நாம் நினைத்திருக்கும் எண்ணத்தையே மாற்றிவிடும் வேகத்தில் துண்டை நோக்கி ஓடும். துண்டை அடைந்ததும் தலையின் கீழிருந்து துதிக்கை போன்ற மெல்லிய வாய் நீண்டு, சதையை அரிக்கத் தொடங்கும். பல ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு இந்தக் காட்சி சலித்ததில்லை.

இப்படிப்பட்ட உடலமைப்பு பிணத்தை விரைவில் கண்டுபிடிப்பதற்கென்றே அமைந்தது. நலமாக நீந்தும் மீனைப் பிடிக்கவோ, மூடியை இறுக அடைத்துக்கொண்ட இன்னொரு நத்தையைத் திறக்கவோ அதனால் முடியாது. இரவில் பாறையிடுக்கில் உறங்கும் நலமான மீனையும் அவை நெருங்குவதில்லை. ஆனால் எழுந்து நகரவே இயலாமல் மணலில் சாய்ந்துவிட்ட மீன், காயம்பட்டுச் சதை வெளியே தெரியும் உயிர், வாய் பிளந்து மூட வலுவற்றுப்போன சிப்பி ஆகியவற்றை, முழுமையாகச் சாகும்வரை அவை காத்திருப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றும் வேலையை மறுநாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். இறந்துவிட்ட மீனை அவை தின்றது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் பாறைக்குப் பின்னால் கண்ணில் படாமல் கிடந்து அது அழுகியிருந்தால், வெளியாகும் அம்மோனியா பவளங்களையும் சேர்த்துப் பாதித்திருக்கும்.

ராட்சதச் சிப்பிக்கும் இதே விளக்கம் பொருந்தும். நலமான சிப்பி, உங்கள் கையின் நிழல் விழுந்தாலே மேலாடைச் சதையை உள்ளிழுத்து ஓட்டை மூடப் பார்க்கும். அது அவ்வாறு செய்துகொண்டிருக்கும்வரை நசாரியஸ் அதன் மேல் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. சிப்பிக்குள் நத்தைகள் கூட்டமாக நுழைந்திருப்பதை ஒரு காலையில் பார்க்க நேர்ந்தால், அதற்கு முன்பே வெளிச்சமோ, நீரின் தரமோ, ஒட்டுண்ணியோ சிப்பியைச் சாய்த்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். மணலில் வாழும் முள்புழுக்களுக்கும் இதே அவப்பெயர் உண்டு. பிணத்தருகே பிடிபட்ட காரணத்தாலேயே கொலைப்பழி சுமக்கும் உயிர்கள் இவை. குற்றமற்ற எத்தனையோ நத்தைகளை இதன்பொருட்டு எடுத்தெறிந்திருக்கிறார்கள்.

பவளங்களை நசாரியஸ் தின்பதில்லை. ஒரே ஒரு தொல்லை உண்டு: பெரிய வாயுள்ள பவளங்களுக்கு நீங்கள் இறாலோ மீன்சதையோ ஊட்டினால், மணம் பிடித்து அவற்றின் மேல் ஏறி, வாயிலிருக்கும் துண்டையே இழுத்துக்கொள்ளும். பவளம் சுருங்கிவிடுவதைப் பார்த்து நத்தை கடித்துவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். தொட்டியின் எதிர்மூலையில் நத்தைகளுக்கென ஒரு துண்டை முதலில் போட்டு, அவை அங்கே கூடிய பிறகு பவளத்திற்கு ஊட்டினால் தொல்லை தீர்ந்துவிடும்.

இனி அந்த டர்போ ஓடுகள். அவற்றைக் குப்பையில் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் சாட்சி அவைதான். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கி வைத்து, ஓட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஊசியால் துளைத்தது போன்ற, விளிம்பு சீரான வட்டத் துளை ஒன்று இருந்தால், ஓட்டைத் துளைத்து இரை தின்னும் நத்தை ஒன்று உங்கள் தொட்டியில் இருக்கிறது. துளையின் வாய் அகன்று உள்ளே குறுகினால் அது பெரும்பாலும் நிலா நத்தை வகை. நசாரியஸ் ஓட்டைத் துளைப்பதில்லை. ஓட்டின் உதடு உடைந்திருந்தால் நண்டை நினையுங்கள். தன் உடலுக்குப் பெரிய ஓடு தேடும் துறவி நண்டு, ஓட்டுக்காகவே நத்தையைக் கொல்வதுண்டு. துளையும் இல்லை, உடைவும் இல்லை என்றால் டர்போ பெரும்பாலும் பசியால் செத்திருக்கும். பாசி மட்டுமே தின்னும் அந்தப் பெரிய நத்தைக்கு, பளபளவென்று துடைத்த இரண்டு ஆண்டுத் தொட்டியில் உணவு போதாது. அல்லது கவிழ்ந்து விழுந்து நிமிர முடியாமல் கிடந்து செத்திருக்கலாம். அப்போதும் ஓட்டைக் காலி செய்தவை நசாரியஸ்களே, ஆனால் பிறகு வந்து.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சம் தரும் கைவிளக்கோடு ஓர் இறால் துண்டைப் போட்டுவிட்டு எட்டு நத்தைகளையும் எண்ணிப் பாருங்கள். எட்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, அல்லது ஒன்று மட்டும் பெருத்து, நிறம் மாறி, தனித்து நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த விடை.

கேள்வி: நசாரியஸ் என்று சொல்லி விற்பவை எல்லாம் நசாரியஸ்தானா? வாங்கும்போது எப்படி அடையாளம் காண்பது?

பதில்: இல்லை என்பதே நேர்மையான விடை. நானே ஒருமுறை ஆறு வாங்கி வந்து, மூன்று வாரம் கழித்து ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு வளர்ந்திருப்பதைக் கண்டேன். அதற்குள் பாசி தின்னும் என் செரித் நத்தைகளில் பாதி காணாமற்போயிருந்தன. விற்றவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. கடலில் ஒரே மணலிலிருந்து அள்ளப்படும்போது குட்டிகள் கலந்துவிடுகின்றன. ஆகவே பெயர்ச்சீட்டை விட்டுவிட்டு உயிரைப் பார்த்து வாங்க வேண்டும்.

மேற்கு அட்லாண்டிக் கரைகளில் வாழும் நசாரியஸ் வைபெக்ஸ் சிறியது. பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஓடு தடித்து, வரிவரியாகப் புடைத்து, வாயைச் சுற்றி மெழுகு பூசியது போன்ற வழவழப்பான தடிப்போடு இருக்கும். பசிபிக்கிலிருந்து டோங்கா நசாரியஸ் என்ற பெயரில் வருபவை இதைவிடப் பெரியவை, வெளிறிய நிறமுள்ளவை. நசாரியஸ் இனத்தின் பல வகைகளில் நகரும்போது பாதத்தின் பின்நுனி இரண்டு சிறு வால்களாகப் பிரிந்து தெரியும். கண்ணாடியில் ஏறும்போது இதைப் பார்த்துவிடலாம்.

குழப்பம் தருபவற்றில் முதலாவது இல்யனாசா ஒப்சொலிட்டா என்னும் சேற்று நத்தை. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த இது, நசாரியஸின் நெருங்கிய உறவு. கறுத்த ஓடும், நுனி தேய்ந்த தோற்றமும் கொண்டது. யாரையும் தாக்காது. ஆனால் சேற்றின் மேற்படலப் பாசியையும் மக்கலையும் தின்று, குளிர்காலமுள்ள கரைகளில் வாழப் பழகிய அதற்கு எப்போதும் 25, 26 டிகிரி செல்சியஸில் இருக்கும் பவளத் தொட்டி ஏற்ற இடமன்று. அதை வாங்காதிருப்பது அதன் நன்மைக்காக.

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. வெண்மையான ஓட்டில் பழுப்புப் புள்ளிகளோடு பார்க்க அழகாக இருக்கும் பாபிலோனியா, நசாரியஸ் போலவே மணலில் புதைந்து, குழல் நீட்டி, உணவுக்கு ஓடி வரும். நடத்தையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் அது 5 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், பசித்தால் சிப்பிகளையும் மற்ற நத்தைகளையும் தாக்கக்கூடியது. மெலோஞ்சீனா கொரோனா என்னும் மகுடச் சங்கு வளர்ந்தபின் தோளில் முள்மகுடம் தரித்து நிற்பதால் யாரும் ஏமாறமாட்டார்கள். முள் முளைக்காத குட்டிப் பருவத்தில் பழுப்புப் பட்டைகளோடு துப்புரவு நத்தைக் கூட்டத்தில் கலந்து வந்துவிடும். சிப்பிகளும் நத்தைகளும்தான் அதன் இயல்பான இரை. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட, வண்டு நத்தை என்று சொல்லப்படும் எஞ்ஜினா மெண்டிகேரியாவைத் துப்புரவுக்கென்றே விற்கிறார்கள். அது விரும்பித் தின்பது மணலிலும் பாறையிலும் உள்ள நல்ல புழுக்களை. நான் அதை வைத்துக்கொள்வதில்லை.

ஓட்டின் வாயைப் பார்த்து ஓரளவு தீர்மானிக்கவும் ஒரு வழி உண்டு. டிரோக்கஸ், டர்போ, அஸ்ட்ரியா முதலிய பாசி மேயும் நத்தைகளின் வாய் முழு வட்டமாக, வெட்டில்லாமல் இருக்கும். குழல் நீட்டும் நத்தைகளின் வாயோரத்தில் குழலுக்கென ஒரு வெட்டு அல்லது வாய்க்கால் இருக்கும். அப்படி வெட்டுள்ளவற்றில் பெரும்பாலானவை ஊன் உண்பவை. செரித் நத்தையும் ஸ்ட்ராம்பஸ் சங்கும் இதற்கு விலக்கு. இரண்டிலும் வெட்டு இருக்கும், இரண்டும் பாசியையும் மக்கலையும் தின்று வாழ்பவை. இந்த விலக்குகளை மனத்தில் கொண்டால் இது நல்ல வழிகாட்டி. ஐயமிருந்தால் வாங்கியவற்றை இரண்டு வாரம் தனித்தொட்டியில், விலை குறைந்த ஓரிரு செரித் நத்தைகளுடன் வைத்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். எந்த உயிரையும் சோதனைப் பொருளாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக வைத்து, அளந்து, வளர்ச்சியைக் கவனித்தாலே போதும்.

கேள்வி: நசாரியஸ் மீன்களின் கழிவைத் தின்னும், பாசியைத் தின்னும் என்கிறார்கள். மணலே இல்லாத தொட்டியில் வைக்கலாமா? எத்தனை வேண்டும்?

பதில்: இரண்டையும் தின்னாது. பாசி வேண்டாமென்றால் டிரோக்கஸோ செரித்தோ வையுங்கள். மீன்கழிவை நீக்கும் வேலை நீர் மாற்றத்திற்கும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கருவிக்கும் உரியது. நசாரியஸ் செய்வது மீந்த உணவையும் இறந்த உயிர்களையும் தீர்ப்பது, புதைந்தும் எழுந்தும் மணலின் மேலடுக்கைக் கிளறிவிடுவது ஆகிய இரண்டு வேலைகள்தாம். மணலில்லாத தொட்டியில் அது புதைய இடமின்றி அலைந்துகொண்டே இருக்கும். குறைந்தது 4, 5 சென்டிமீட்டர் நுண்மணல் வேண்டும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 25 லிட்டருக்கு ஒன்று என்பதற்கு மேல் நான் போவதில்லை. தொட்டி தொடங்கிய முதல் மாதங்களில் அதுவும் அதிகம். மீனுக்கு அளந்து உணவிடுபவர்களின் தொட்டியில் மீதி என்று ஒன்றும் இருக்காது என்பதால், வாரத்தில் இரண்டு முறையாவது மூழ்கும் குருணையையோ சிறு இறால் துண்டையோ இவற்றுக்கென்று இட வேண்டும். துப்புரவுக்கு வந்ததாயிற்றே, அதற்குத் தனியாக உணவா என்று கேட்கக் கூடாது. பட்டினி கிடக்கும் நத்தைதான் தளர்ந்த உயிர்களின் பக்கம் முதலில் திரும்புகிறது.

கேள்வி: கண்ணாடியில் வரிசையாகக் கண்ணாடிச் சிமிழ்கள் போலச் சிறு பைகள் ஒட்டியிருக்கின்றன. சுரண்டிவிடலாமா?

பதில்: ஒளி ஊடுருவும் தட்டையான சிறு பைகள் அருகருகே ஒட்டியிருந்தால் அவை நசாரியஸின் முட்டைப் பைகள். வளைந்து வளைந்து செல்லும் வெண்ணிற இழைகளாக இருந்தால் செரித்தின் முட்டைகள். எள் போல வெண்மையாக, நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராதவை நெரைட் நத்தையுடையவை. இவை எல்லாமே தீங்கற்றவை. நசாரியஸ் முட்டையிலிருந்து வெளிவரும் இளரி (லார்வா) முதலில் நீரில் நீந்தித் திரிய வேண்டும். நீரிறைப்பானும் வடிகட்டியும் மீன்களின் வாயும் உள்ள தொட்டியில் அந்தப் பருவத்தைத் தாண்டுவது மிகவும் அரிது. நத்தை பெருகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. பையை உருப்பெருக்கியால் பார்த்தால் உள்ளே புள்ளிகளாகத் தெரியும் கருக்கள் சில நாளில் சுழலத் தொடங்குவதைக் காணலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சுரண்டுவதற்கு முன் அவர்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று முறை வாங்கியும் நத்தைகள் இரண்டொரு நாளில் செத்துவிடுகின்றன. மீன்களும் பவளங்களும் நன்றாகவே இருக்கின்றன. என்ன காரணம்?

பதில்: பவளங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்வதால் நீரில் நஞ்சு இருக்க வாய்ப்புக் குறைவு. நத்தையைத் தொட்டிக்குப் பழக்கும் முறையில்தான் பிழை என்று நினைக்கிறேன். கடல் நத்தைகளுக்குத் தம் உடல்நீரின் உப்பளவைத் தாமே சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சுற்றியுள்ள நீர் எவ்வளவோ அவ்வளவுதான் உடலுக்குள்ளும். மீன் மட்டும் விற்கும் தொட்டிகளில், நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.020 அளவுக்குக் குறைத்து வைத்திருப்பது வழக்கம். பவளத் தொட்டியில் அது 1.025 அல்லது 1.026. பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டுக் கவிழ்த்தால் வெப்பநிலை சமமாகுமே தவிர உப்பளவு சமமாகாது. மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், நத்தை தாங்காது. வந்த நீரின் உப்பளவை முதலில் அளந்து, மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, நொடிக்கு இரண்டு மூன்று துளிகளாக உங்கள் தொட்டி நீர் அந்தக் கலத்தில் விழும்படி குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

இதையும் செய்து, அதற்குப் பின்னும் செத்தால் செம்பை ஐயுறுங்கள், முக்கியமாகத் தொட்டியோ பாறையோ பிறர் பயன்படுத்தி உங்களிடம் வந்ததாக இருந்தால். மீனின் வெண்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு இடுவார்கள். மீன் பிழைக்கும் அந்த அளவே முதுகெலும்பற்ற உயிர்களுக்கு மரணம். சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பைப் பற்றி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல நீரில் விடும். நத்தையின் நீலக் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான் என்பதை எண்ணும்போது, நீரில் ஒரு துளி மிகுந்தாலும் அது தாங்காமற்போவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

செத்ததா, புதைந்து கிடக்கிறதா என்று தெரியாவிட்டால் எடுத்து முகர்ந்து பாருங்கள். இறந்த நத்தையின் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறக்கமாட்டார்.

கேள்வி: கடற்கரையில் உயிரோடு கிடைக்கும் சங்குகளைத் தொட்டியில் விடலாமா? கூம்பு வடிவில் அழகான கோலமிட்ட சங்கு ஒன்றைக் கண்டேன்.

பதில்: விடாதீர்கள், அதைவிட முதன்மையாக, கையால் எடுக்காதீர்கள். கூம்புச் சங்குகள் அனைத்தும் நஞ்சுள்ளவை. அம்பு போன்ற பல்லை நீண்ட துதிக்கையின் வழியே எய்து இரையைச் செயலிழக்கச் செய்பவை. அந்தத் துதிக்கை ஓட்டின் பின்பக்கம்வரைகூட எட்டும் என்பதால், அகன்ற பக்கத்தைப் பிடித்தால் பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை. மீனுண்ணும் கோனஸ் ஜியோகிராபஸ் கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், அதற்கு முறிமருந்தும் இல்லை. எப்போதாவது கொட்டிவிட்டால், வலி குறைவாக இருக்கிறதே என்று காத்திராமல், கொட்டிய இடத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் செயற்கை மூச்சுதான் உயிரைக் காக்கும்.

கரையிலிருந்து எடுத்துவரும் மற்றச் சங்குகளிலும் கூட்டமாக வளரும் மென்மையான சோவாந்திட் பவளங்களைத் தின்னும் ஹீலியாகஸ், கிளைப்பவளங்களின் சதையை வழித்துத் தின்னும் டுருப்பெல்லா, அரிசிமணி அளவேயுள்ள வெண்ணிற ஒட்டுண்ணியான பிரமிடெல்லா முதலியவை இருக்கக்கூடும். கடைசியாகச் சொன்னது டிரோக்கஸ், டர்போ நத்தைகளின் ஓட்டு விளிம்பிலும் சிப்பியின் மேலாடையோரத்திலும் இரவில் ஒட்டிக்கொண்டு உடற்சாற்றை உறிஞ்சும். புதிதாக வாங்கும் எந்த நத்தையையும் தொட்டியில் விடுமுன் ஓட்டின் வாய்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அரிசிமணி தென்பட்டால் மென்மையான பல்துலக்கியால் கடல்நீரிலேயே தேய்த்து நீக்கிவிடுங்கள். தேய்த்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம்.